அது புது வாளி

சித்தி,

இந்த மடலில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எதையாவது அழகாக்க வேண்டும் என்று ஆசை வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். அந்த ஆசை போன பிறகுதான் திறப்பேன். இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

இன்று காலை உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மாதா கோயிலிலிருந்து வந்ததும் அம்மா உன் பெட்டியைத் திறந்து, யாருக்கு எந்தச் சேலை என்று பிரித்து வைத்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆரஞ்சுக் கரை போட்ட துண்டு இருந்தது. பையைப் பிரித்ததும் தைல மர இலையின் வாசனை வந்தது. இத்தனை மாதம் அந்த வாசனை அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"இங்கேர்ந்து ஜங்ஷன் எவ்ளோ தூரம்? அதுக்கே போவாம நின்னுட்டா" என்றாள் அம்மா. "கேட்டா கை பரவால்லன்னா. போயிருந்தா கடைசிவரைக்கும் வெரலாவது கொஞ்சம் மடங்கியிருக்கும்."

நீ ஏன் அங்கே போவதை நிறுத்தினாய் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். துண்டை மடித்து என்னிடம் வைத்துக்கொண்டேன்.

ரயிலடிக்குப் போகும் சாலையில், முன்பு துணிக்கடை இருந்த கட்டடத்தில், பெண்களுக்கென்று அந்த நீராவிக் குளியல் நிலையத்தைத் திறந்தபோது நம் தெருவில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. "வூட்ல தண்ணி வராதவங்களுக்குக் கட்டி வுட்டுருக்காங்க போல" என்றார் எதிர்வீட்டு மாமா. நான்தான் நோட்டீசைக் கடைசி வரிவரை படித்துவிட்டு உன்னிடம் வந்து நின்றேன். பன்னிரண்டு வருடங்களாகப் பீங்கான் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து உன் விரல்கள் மரத்துப் போயிருந்தன. காலையில் உன் ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுவேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துவிட்டு, கைக்குச் சூடு படவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"காசு குடுத்து வேர்க்கணுமாடி? நம்ம ஊரு வெய்யிலு போதாதா?" என்று கேட்டாய். ஆனாலும் வந்தாய்.

அந்த இடத்தின் முறைகளை அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கைபேசியைத் துணிப் பையில் போட்டுக் கட்டி, அங்கே வேலை பார்க்கும் செல்வி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் தருவார். அதை நின்றுகொண்டு குடிக்கக்கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். பிறகு வரிசையாகக் குழாய்கள் இருக்கும் இடத்தில் உடம்பைக் கழுவிக்கொண்டு, வெள்ளை ஓடு பதித்த நீராவி அறைக்குள் போகவேண்டும். படிக்கட்டுபோல் மூன்று தட்டு. புதிதாக வருகிறவர்கள் கீழ்த் தட்டில்தான் உட்காரவேண்டும், மேலே சூடு அதிகம். மூலையில் தைல மர இலையும் நொச்சியும் போட்ட நீர் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே பேசக்கூடாது. கதவு மூடியதும் முதலில் எதிரே இருப்பவரின் முகம் மறையும், பிறகு நம் கால்கள் மறையும். ஓட்டில் நீர் முத்து முத்தாகச் சேர்ந்து உருண்டு வழியும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தால் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குப் பரீட்சைகூட நின்றுவிடும்.

வெளியே வந்ததும் குளிர்ந்த நீரைப் பாதத்தில் ஆரம்பித்து, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏற்றி ஏற்றி ஊற்ற வேண்டும். தலைக்குக் கடைசியில். அதன்பின் ஓய்வறை. கோரைப்பாய், சின்னத் தலையணை, மெதுவாகச் சுற்றும் விசிறி. எழுந்தால் சுக்குமல்லிக் காபி. முதல் நாள் நீ அந்தத் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்காமல், ஒரே கையால் பிடித்து என்னிடம் காட்டினாய்.

"பாரு, மடங்குது."

அதைச் சொன்னபோது உன் முகம் சிவந்திருந்தது. நீராவிச் சூட்டினால் மட்டும் அது வந்ததல்ல என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வாளியோடு வந்தாய். ஞாயிறு அரை நாள் வேலை முடித்து நேராக அங்கே வருவாய். நான் வாசலில் காத்திருப்பேன். வாளி பச்சை நிறம், மூடி போட்டது, பிடியில் இன்னும் கடையின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் வரிசைக்குப் போகாமல் வெளி முற்றத்தில் குந்தி, வாளியில் தண்ணீர் பிடித்து, கை, முழங்கை, நகக்கண், தலைமுடி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கழுவினாய். நீர் பால்போல் ஆனது. பிறகு வாளியை ஆட்டாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அடியில் மண் படிந்ததும் மேல்நீரை முற்றத்து வாழைக்கு ஊற்றினாய். மண்ணை மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

நம் ஊரில் களிமண்ணில் வேலை செய்கிற எவரும் நேராகக் குழாயடியில் கை கழுவமாட்டார்கள். மண் நீரோடு போய்க் குழாயின் வளைவில் தங்கி இறுகிவிடும். கம்பெனியில் அதற்கென்றே தொட்டி உண்டு. நம் வீட்டுப் பின்பக்கமும் ஒன்று இருக்கிறது. நான் நடக்கக் கற்ற காலத்திலிருந்து பார்க்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதற்காக இதை இங்கே எழுதுகிறேன்.

"அவங்க கொழாயி நம்மளால அடைச்சிக்கிச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு" என்றாய். "நல்லா வச்சிருக்காங்க எடத்த."

அங்கே வரும் மற்றப் பெண்களுக்கு இது புரியவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து வரும் மும்தாஜ் அக்கா வெள்ளை நீரைப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, தோலு உரியுதா?" என்று கேட்டார்.

"தோலு இல்லீங்க, கம்பெனி" என்றாய் நீ.

அவர் சிரித்துக்கொண்டே தலையில் துண்டைக் கட்டினார். "எங்க வூட்டுக்காரரு துபாய்ல வேர்க்கிறதுக்குச் சம்பளம் வாங்குறாரு. நான் அந்தச் சம்பளத்தக் குடுத்து இங்க வந்து வேர்க்கிறேன். எங்க போயிச் சொல்றது இத?"

"அப்போ இட்லித் தட்டயும் கொண்டாந்துருக்கலாம்" என்றாய். "சும்மா போவுது ஆவி. ரெண்டு ஈடு எடுத்துருவேன் நானு."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி அக்கா, "மூச்! உள்ள போனதும் ஒருத்தரும் பேசக்கூடாது" என்று கதவைத் திறந்தார். உள்ளே போன பிறகும் மும்தாஜ் அக்காவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு, 'நான் கண்ட ஓர் இடம்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் இந்த இடத்தைப் பற்றி எழுதினேன். முதலில் எழுதியது உண்மையாகத்தான் இருந்தது. நீராவி, ஓடு, பாதத்தில் தொடங்கும் குளிர்நீர், மண் தெளியும்வரை காத்திருக்கும் நீ. வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒருத்தி கொட்டாவி விட்டாள். "நல்லா இருக்குதுடி, ஆனா பாடம் மாதிரி இருக்குது" என்றாள் இன்னொருத்தி.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அன்று சாயங்காலமே மாற்றி எழுதினேன். உன் பேரை எடுத்துவிட்டு 'வாளி அம்மாள்' என்று ஒரு ஆளை உண்டாக்கினேன். வாளி அம்மாள் நீராவிக் குளியலுக்குப் பழைய பெயிண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அங்கே இருக்கிற தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். நீராவியைப் பார்த்து, "இதுல இட்லி வேவுமா?" என்று மெய்யாகவே சந்தேகம் கேட்கிறாள்.

நீ சொன்ன நகைச்சுவையை எடுத்து, உனக்கு விவரம் தெரியாது என்பதற்குச் சாட்சியாக வைத்தேன், சித்தி. மண்ணைப் பற்றிய வரிகளை முழுதாக அடித்துவிட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பு வராது. பச்சை வாளி பழைய பெயிண்டு வாளி ஆனதும் அதற்காகத்தான். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் நன்றாக எழுதுகிறேன் என்று நினைத்தேன்.

எனக்கு முதல் பரிசு. மேடையில் படிக்கச் சொன்னார்கள். 'இட்லி வேவுமா' வந்த இடத்தில் பின்வரிசைவரை கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் அந்தக் குளியல் நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கட்டுரையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். நீ அன்று வேலைக்குப் போயிருந்தாய்.

பரிசாகக் கொடுத்தது பெரிய அகராதி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நீ உட்கார்ந்து அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டாய். உன் விரல் தாளின் மடிப்பை அழுத்த முடியாமல் வழுக்கியது. நகத்தால் தேய்த்துத் தேய்த்து மடித்தாய்.

"என்னா எழுதின? படிச்சுக் காட்டு" என்றாய்.

"அப்புறமா" என்றேன்.

"சரி, பெரிய எழுத்தாளரு. எங்களுக்கெல்லாம் அப்புறமாதான்" என்று அட்டையின் மேல் என் பேரை எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினாய்.

மறுநாள் மாலை கடைத்தெருவில் செல்வி அக்காவைப் பார்த்தேன். "ஒன் கட்டுரைய டாக்டரம்மா பிளாஸ்டிக் ஒற போட்டு ஓய்வறையில ஒட்டிட்டாங்க, தெரியுமா?" என்றார். சிரிக்காமல் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் போய் அதை எடுத்துத் தரும்படி கேட்டிருக்கலாம். உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஐந்து நாளும் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஞாயிறன்று, சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது நீ உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தாய். அந்தப் பச்சை வாளியில். முடி ஈரமாக இருந்தது. என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சோறு போடும்போது மட்டும், குழம்பை ஊற்றிக்கொண்டே, மெதுவான குரலில் சொன்னாய்:

"அது புது வாளிடி."

அவ்வளவுதான். அம்மா, "எது?" என்று கேட்டாள். நீ, "ஒண்ணுமில்லக்கா" என்றாய்.

அடுத்த ஞாயிறு நீ போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. கை பரவாயில்லை என்று அம்மாவிடம் சொன்னாய். மறுபடியும் காலையில் கொக்கி மாட்ட என் முன்னால் முதுகைக் காட்டி நிற்பாய். இருவர் முகமும் ஒருவருக்கு ஒருவர் தெரியாது. மன்னிப்புக் கேட்க அதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடையாது. கொக்கி நான்கு. முதல் கொக்கியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நான்காவது மாட்டியதும், "சரி, போயிட்டு வரேன்" என்று நீ பையை எடுத்துக்கொள்வாய்.

ஒருமுறை துண்டுத்தாளில் எழுதி உன் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். நீ கிளம்புவதற்கு முன் நானே எடுத்துக் கிழித்துப் போட்டேன். அதில் ஒரு உவமை இருந்தது. மன்னிப்புக் கேட்கும் இடத்திலும் உவமை எழுதியிருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை மதியம், கம்பெனியில் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று வந்து சொன்னார்கள்.

இன்று சாயங்காலம் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு குளியல் நிலையத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். கைபேசியைப் பையில் கட்டிக் கொடுத்தேன். செல்வி அக்கா சீரகத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன்மா. என்னா வயசு அவங்களுக்கு" என்றார்.

"நாப்பத்திரெண்டு" என்றேன். பிறகு, "அன்னிக்கி வந்தாங்களே, அந்தக் கட்டுரை ஒட்டினதுக்கு அப்புறம்… என்ன நடந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

செல்வி அக்கா சொன்னார். "ஆவியில இருந்து வந்து பாயில ஒக்காந்தாங்க. மும்தாஜ் அதப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சிட்டு இருந்தாங்க. அவங்க தப்பா நெனைக்கல, வெளாட்டாதான், 'இந்த வாளி அம்மா நீங்கதானேங்க?'ன்னாங்க. ஒங்க சித்தி எழுந்துபோயி முழுசாப் படிச்சாங்க. வெரல வச்சு வச்சுப் படிச்சாங்க. 'ஆமா, நாந்தான்'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்புறம் மும்தாஜு கீழ இருக்குற பேரப் பாத்துட்டு, 'ஜெனிபர்னு போட்டுருக்கே, ஒங்க கூட வர்ற பொண்ணுதான இது?'ன்னு கேட்டாங்க. 'இல்லீங்க, அது வேற ஜெனிபரு. அந்த ஸ்கூல்ல மூணு ஜெனிபரு இருக்குதுங்க. எங்க புள்ள இப்டியெல்லாம் எழுதாது'ன்னாங்க. என்னியப் பாத்தாங்க. எனக்குத் தெரியாதா? நானும் ஆமா வேறதான்னுட்டேன்."

தம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

நான் உன்னைப் பற்றிச் சொன்ன பொய்க்குக் கைதட்டல் வாங்கினேன். நீ என்னைப் பற்றிச் சொன்ன பொய்யை எனக்குத் தெரியாமலே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் என் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றிருக்கிறாய். உன்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை நீ பொறுத்துக்கொண்டாய். சொந்தச் சித்தியை இப்படி எழுதினவள் என்று அவர்கள் என்னை நினைப்பதை மட்டும் உன்னால் பொறுக்க முடியவில்லை.

நீராவி அறைக்குள் போனேன். கீழ்த் தட்டில் உட்கார்ந்தேன். அழுதால் அங்கே யாருக்கும் தெரியாது, எல்லோருடைய முகமும் நனைந்துதான் இருக்கும். அதனால் அங்கே ஒளிந்து அழக்கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று முறைப்படி நீர் ஊற்றிக்கொண்டு ஓய்வறைக்குப் போனேன்.

கட்டுரை கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு பெண்கள் பாயில் இருந்தார்கள், மும்தாஜ் அக்காவும் இருந்தார். டாக்டரம்மா யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், அதை எடுத்துவிடும்படி கேட்டேன்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு? வர்றவங்க எல்லாம் விரும்பிப் படிக்கிறாங்க" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

ஓய்வறையில் உரக்கப் பேசக்கூடாது. ஆனால் நான் பேசினேன். "அது பொய்ங்க. அவங்க எங்க சித்தி. இறந்துட்டாங்க. அது பழைய பெயிண்டு வாளி இல்ல, இங்க வர்றதுக்குன்னு கடையில வாங்கின புது வாளி. கம்பெனி மண்ணு ஒங்க குழாய்ல போய் அடைக்கக்கூடாதுன்னு அதுல கழுவினாங்க. இட்லின்னு சொன்னது அவங்க பண்ண ஜோக்கு" என்று சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

டாக்டரம்மா எழுந்துபோய்த் தாளைப் பிய்த்தார். ஒட்டுநாடா சுவரின் பூச்சையும் கொஞ்சம் கொண்டுவந்தது. அதை மடிக்க முடியவில்லை, உறை தடிமனாக இருந்தது; அப்படியே என் கையில் கொடுத்தார்.

மும்தாஜ் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அல்லா… அந்தப் பொம்பளையப் பாத்தா நானு அப்டிக் கேட்டேன்? சிரிச்சிக்கினே பதில் சொன்னாங்களே" என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, அப்போ இத எழுதுனது யாரு? ஒங்க ஸ்கூல்ல வேற ஜெனிபருன்னு சொன்னாங்களே, அதுவா? அவளக் கூட்டியாந்து காட்டு எங்கிட்ட, நல்லாக் கேக்குறேன்."

உன் பொய் எனக்காகத் தயாராக இருந்தது, சித்தி. நான் அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினால் போதும். செல்வி அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் எதைச் சொன்னாலும் அவர் அதற்கும் ஆமாம் என்பார் என்று தெரிந்தது. சித்தி, நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதை நான் செலவழிக்கப் போவதில்லை. அதைச் சாகும்வரை வைத்திருப்பேன்.

"வேற யாரும் இல்லக்கா. நாந்தான் எழுதினேன்" என்றேன்.

மும்தாஜ் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டார். மற்றவர்களும் படுத்தார்கள். எனக்கு எந்தப் பாயில் படுப்பது என்று தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். ஓய்வு நேரம் ஆகியிருந்தது. செல்வி அக்கா வந்து விளக்குகளை அணைத்தார்.